வெற்றிலைப் பச்சை ஹெரால்ட்

“ஓரத்தையெல்லாம் விட்டுட்டு விட்டுட்டுத் தேய்க்குத. எடுத்த வேலைய முழுசா முடிக்கத் தெரியாதா உனக்கு? பேருக்குத்தான் கான்வென்ட்டுல படிச்சவ!” விட்டுட்டு விட்டுட்டாம். முழுசா முடிக்கத் தெரியாதாம். விடிந்ததிலிருந்து குனிந்து தேய்க்கிற எனக்கு முழுசு எது அரை எது என்று தெரியாது, வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தவருக்குத் தெரியும். “ஓரத்துல பெயின்ட் மெலிசா இருக்கும், அழுத்தினா அடியில இருக்க செவப்பு பிரைமர் வந்துரும்னு நீங்கதான சொன்னீங்க?” என்றேன். “மெலிசா இருந்தா மெதுவா தேய்க்கணும். விட்டுரச் சொன்னனா?” என்றார். கேட்டதற்குப் பதிலாகக் கேள்வியையே திருப்பித் தருவதற்கு இந்த வீட்டில் ஆண்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு போலிருக்கிறது, மாமாவும் அப்படித்தான், கொழுந்தன் டெரன்ஸும் அப்படித்தான். சொல்லிவிட்டு சவரம் செய்துகொள்ள எழுந்து உள்ளே போய்விட்டார் என் வீட்டுக்காரர் ரோமால்ட், நான் இந்த ஹெரால்ட் காரின் மூஞ்சியோடு தனியாக நிற்கிறேன். நாளை மறுநாள் கல்யாணம். டெரன்ஸின் மகள் ஷெரினை இந்தக் காரில் உட்கார்த்தி வைத்து இவர் ஓட்டிக்கொண்டு கோயிலுக்குப் போக வேண்டும், இந்தக் குடும்பத்துப் பெண் எது கட்டிக்கொண்டு போனாலும் இந்தக் காரில்தான் போகும், வீட்டுக்கு மூத்தவர்தான் ஓட்டுவார், அது மாமா காலத்திலேயே எழுதாமல் எழுதின சட்டம். சட்டம் போட்டவர் கல்லறையில் இருக்கிறார். கார் அவர் போன நாளிலிருந்து இந்தத் தகரக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. உப்பளத்துக் காற்று தார்ப்பாய்க்கு அடங்குமா, தூத்துக்குடியில் அது இரும்புப் பீரோவையே தின்கிறது, காரையா விடும், பச்சையெல்லாம் வெளுத்து, ஊறுகாய் ஜாடிக்குள் பூத்த பூஞ்சணம் மாதிரி ஒரு சாம்பல் படர்ந்து, விரலால் தொட்டால் விரலில் சுண்ணாம்பு. புதுப் பெயின்ட் அடித்துவிடலாம் என்று டெரன்ஸ் சொன்னான். அடிக்க விடுவாரா இவர். கம்பெனிப் பெயின்ட்டாம், அப்பா கை பட்ட பெயின்ட்டாம், ஒர்க்ஷாப்காரன் மிஷினை வைத்தால் தோலை உரித்துவிடுவானாம், கையால்தான் எடுக்க வேண்டுமாம். எந்தக் கையால்? இவர் வலது தோள் சர்க்கரையில் இறுகிப்போய் கை காதுக்கு மேலே ஏறாது. ஆகவே என் கையால்.

ஈரத்துணி, அதில் ஒரு சுண்டைக்காய் அளவு காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசை, மண்ணெண்ணெயும் பல்பொடியும் கலந்த மாதிரி ஒரு வாசனை, நேர்கோடாகத் தேய்க்க வேண்டும், வட்டம் போடக் கூடாது, வட்டம் போட்டால் வெயிலில் சிலந்தி வலை மாதிரித் தெரியும் என்பது அவருடைய இன்னொரு கட்டளை. முதல் நாள் துணி முழுக்கப் பச்சையாக வந்ததும் நான் பயந்து கத்திவிட்டேன், பெயின்ட்டே போகிறது என்று. “செத்த தோலு போகுதுட்டி. தேய். அடியில உயிரு இருக்கு” என்றார். இருந்தது. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். வலது பக்கக் கதவைத் துடைத்தபோது ஒரு கை அகலத்துக்குத் திடீரென்று தண்ணீர் தெளித்த வெற்றிலை மாதிரி ஒரு பச்சை வந்து நின்றது, அதில் என் முகம், கொண்டை அவிழ்ந்து, மூக்கில் காம்பவுண்ட் அப்பி, ஐம்பத்து மூன்று வயசு முகம், எனக்கே சிரிப்பு வந்தது. நான் இந்த வீட்டுக்கு வந்ததும் இந்தக் காரில்தான், கோயிலிலிருந்து திரும்பும்போது, முன்னால் மாமா ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினார், பின்னால் என் பக்கத்தில் இவர் கோட்டுக்குள் வேர்த்துப்போய் என் காதில் “பசிக்குதா?” என்று மட்டும் கேட்டார். பசித்தது. அன்றைக்கு யாருமே என்னிடம் கேட்காத கேள்வி. அதற்காகத்தான் இத்தனை வருஷம் இருந்தேனோ என்னவோ. கான்வென்ட்டில் நான் வகுப்பில் பேசினால் சிஸ்டர் லியோன்டின் அடிக்க மாட்டார், சிற்றாலயத்துப் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளைப் புளி போட்டுத் தேய்க்க அனுப்புவார், “வாய் ஓயாதவளுக்குக் கை ஓயக் கூடாது.” மற்ற பிள்ளைகள் ஞானோபதேசம் படித்தார்கள், நான் பித்தளை படித்தேன். சமையலறையில் சீலா மீன் மசாலா தடவி மூடி வைத்திருக்கிறேன், பூனை மூடியைத் தள்ளாமல் இருக்க மேலே அம்மிக் குழவி. மீன் பொரிக்க வேண்டும், சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்ததை வாங்க வேண்டும், மணிக்கட்டு விண்ணென்று தெறிக்கிறது, உள்ளிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து வழியாக ஏறுகிறது, இது வெயில் இல்லை, இது இந்த வயசு. யாரிடம் சொல்ல. எதைத்தான் யாரிடம் சொல்கிறேன். இதை நினைக்கக் கூடாது. பானெட்டைத் தேய். பானெட் முடிந்தால் மெழுகு போட்டு வேலை முடிந்தது.

முடிந்தால் அவர் ஓட்டுவார். அதுதான். சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து இடிக்கிறது, வீட்டுக்குள் வழிதவறி வந்த குளவி ஒரே ஜன்னல் கண்ணாடியில் இடிக்கிற மாதிரி. இவருக்குக் கண் தெரியவில்லை. சொல்லிவிட்டேன், மனசுக்குள்தான், இருந்தாலும் சொல்லிவிட்டேன். முழுசாகத் தெரியாமல் இல்லை. சர்க்கரை கண்ணுக்குள் கசிந்து நடுப்பார்வையைத் தின்றிருக்கிறது என்று திருநெல்வேலி டாக்டர் சொன்னார், ஓரத்துப் பார்வை இருக்கும், நேரே பார்த்தால் அந்த இடத்தில் ஒரு மங்கல், ஊசி போட்டால் இருப்பதையாவது காப்பாற்றலாம், வண்டி ஓட்டவே கூடாது என்றார். வெளியே வந்து படியிறங்கும்போது இவர் என்னிடம் சொன்னது, “சின்னப் பையன், அனுபவம் பத்தாது. இது நமக்குள்ள இருக்கட்டும்.” துறைமுகத்தில் டக் ஓட்டினவர், மலை மாதிரிக் கப்பலைக் கயிறு கட்டி இழுத்துவந்து தளத்தில் ஒரு கீறல் இல்லாமல் சேர்க்கிற குட்டிப் படகு அது, கப்பல் கேப்டன்களே மேலிருந்து கை தூக்கிக் கும்பிடுவார்களாம். அவரிடம் போய் உங்களுக்கு ஒரு ஹெரால்ட் ஓட்டக் கண் பத்தாது என்று எப்படிச் சொல்வது. லைசென்ஸ் புதுப்பிக்கிற சமயத்தில் ராத்திரியெல்லாம் வாய்க்குள் என்னமோ முணுமுணுத்துக்கொண்டே கிடந்தார், ஈ, எஃப் பீ, டீ ஓ இசட், ஏதோ புது நவநாள் ஜெபம் என்று நான்கூட ஆமென் சொல்லப் போனேன், பிறகுதான் புரிந்தது, கண் டாக்டர் சுவரில் மாட்டியிருக்கிற எழுத்து அட்டையை மனப்பாடம் பண்ணியிருக்கிறார். பரீட்சை பாஸ். மனுஷனை மெச்சுவதா மண்டையில் போடுவதா. காலையில் காப்பியை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுகிறார், “டம்ளர நகத்தி வச்சது யாரு?” என்கிறார். பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகும்போது என் முதுகைப் பிடித்துக்கொண்டு போகிறார், பார்க்கிறவர்களுக்கு அது பாசம். மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்ட அன்றைக்கு ஒரு சுற்று போகலாம் வா என்று என்னை ஏற்றிக்கொண்டார், எங்கள் தெருமுனையிலேயே, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி நட்ட நடு ரோட்டில், அவர் கண் நேரே அவள்மேல்தான் இருந்தது, கால் பிரேக்குக்குப் போகவே இல்லை, நான் கத்தினேன், ஸ்டியரிங்கை ஒடித்தார், குடம் உடைந்தது, குடம் மட்டும். “பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். நீ கத்துன கத்துலதான் கை ஆடிட்டு” என்றார். அந்தப் பெண் பிளாஸ்டிக் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே எங்களைத் திட்டினாள், எங்கள் பாட்டன் பூட்டன் வரைக்கும் போனாள், அவள் உயிரோடு நின்று திட்டுகிறாளே என்று எனக்கு அழுகை வந்தது.

நாளை மறுநாள் அந்த ரோட்டில் துறைமுகத்துப் பெட்டி லாரி வரும், உப்பு லாரி வரும், வேட்டு போட்டுக்கொண்டு பொடிசுகள் காருக்கு முன்னால் ஆடும், பின் சீட்டில் ஷெரினும் அவள் மடியில் பூக்கூடை பிடிக்கிற ரெண்டு குட்டிகளும். யாரிடம் சொல்ல. டெரன்ஸிடம் சொன்னால் உடனே அண்ணனிடம் வந்து, “மைனி என்னமோ சொல்லுதாங்களே, அப்படியாண்ணே?” என்று நடு வீட்டில் நின்று கேட்பான், அவனுக்கு ரகசியம் என்பது சத்தம் போட்டுச் சொல்கிற விஷயம். அவன் பெண்டாட்டி ஜூடித்திடம் போன வாரம் ஜாடையாகத்தான் சொன்னேன், “இந்தக் கூட்டத்துல இவரு எதுக்கு ஓட்டிக்கிட்டு, ஒரு டிரைவரப் போடுவோமே, இவரும் நிம்மதியா கோட்டு போட்டுக்கிட்டு உக்காருவாரு.” அவள் பேரம் பேசுகிற பூக்காரனுக்குக் கொடுக்கிற மாதிரிதான் ஒரு சிரிப்பு சிரித்தாள். “அக்கா, உங்களுக்குப் பொண்ணு இல்லேன்னா எம் பொண்ணு அத்தான் கையால போகக் கூடாதாக்கும்?” நான், எதற்கும் பதில் வைத்திருக்கிற நான், ஊரே ஏவாஞ்சலின் வாய்க்குப் பயப்படும் என்கிற நான், முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். எனக்கு ஒரே பையன், மெல்பர்னில். பொறாமையாம். ஷெரினுக்கு முதல் நன்மை வாங்க வெள்ளைக் கவுன் தைத்தது யார், அம்மை போட்டபோது ராத்திரி விழித்தது யார், போடி. இல்லை, அதில்லை இப்போது. எப்படிச் சொல்வது என்று பார். ஷெரினிடமே சொன்னால்? “பெரியப்பாவுக்கு மத்தியானம் வரைக்கும் தல சுத்தலா இருக்கு கண்ணு”, சீ, பொய், அவள் போய்ப் பெரியப்பாவுக்கு எலுமிச்சைச் சாறு போட்டுக் கொடுப்பாள். ஃபாதரிடம் சொன்னால்? பிரசங்கத்தில் வந்துவிடும். பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டால்? மெக்கானிக்கைக் கூப்பிட்டு ரெண்டு நிமிஷத்தில் மாட்டுவார், யார் பிடுங்கினது என்றும் தெரிந்துவிடும். ஏங்க, நான் ஒண்ணு சொல்லுவேன், கோவப்படக் கூடாது. கோவப்படுவார். ஏங்க, டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா. சின்னப் பையன், அனுபவம் பத்தாது. ஏங்க, அந்தக் குடத்துக்காரி. நீ கத்துன கத்துல. ஏங்க, எனக்குப் பயமா இருக்கு. உனக்கு எதுக்குத்தான் பயமில்ல, பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம். ஏங்க, நீங்க பெரிய ஆளுதான், உங்களுக்கு எல்லாம் தெரியும், ஆனா. அந்த ‘ஆனா’வுக்கு மேலே வார்த்தை வரவில்லை, திரும்ப முதலிலிருந்து, ஏங்க, நான் ஒண்ணு சொல்லுவேன், கை அதுபாட்டுக்குச் சுற்றுகிறது, வட்டம்தான் போடுகிறேன், வட்டம் போடாதே என்றாரே, போகட்டும், ஏங்க, கோவப்படக் கூடாது, வேர்வை கண்ணில் இறங்கி எரிகிறது, ஏங்க, ஏங்க, ஏங்க, துணி ஏன் இப்படி வழுக்குகிறது.

துணியைத் திருப்பிப் பார்க்கிறேன். பச்சை இல்லை. செங்கல் நிறம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிகிறது, யாரோ என் பெயரைத் தூரத்திலிருந்து கூப்பிடுகிற மாதிரி. கையை எடுக்கிறேன், பானெட்டின் நட்ட நடுவில், சுற்றிலும் வெற்றிலைப் பச்சை மினுங்க, என் உள்ளங்கை அகலத்துக்கு சிவப்பு பிரைமர். ஓரம் கூட இல்லை, நடு. எத்தனை நேரம் ஒரே இடத்தில் நின்றேன். மாமா கை பட்ட பெயின்ட், கம்பெனிப் பெயின்ட், அரை நூற்றாண்டு உப்புக்காற்றுக்குப் பிழைத்த பெயின்ட், என் ‘ஏங்க’வுக்குப் பிழைக்கவில்லை. முதலில் எச்சிலைத் தொட்டுத் தடவுகிறேன், எச்சிலுக்குப் போகிற கறையா இது, பைத்தியக்காரி. பிறகு முந்தானையால் மூடுகிறேன். நாளை மறுநாள் வரைக்கும் முந்தானையை விரித்துக்கொண்டு இங்கேயே நிற்பேனா? ரோஜாப்பூ வளையம் ஒன்றை நடுவில் ஒட்டிவிடலாம், கல்யாணக் கார்தானே, பூ இருக்கும், ஆனால் இன்றைக்கு? சவர சோப்பு வாசனை வருகிறது. வந்துவிட்டார். தாடையில் ஓரிடத்தில் கொத்தாக முடி விட்டுப்போயிருக்கிறது, இன்னோரிடத்தில் ரத்தம் பொட்டு வைத்திருக்கிறது, அதையும் ‘பிளேடு சரியில்ல’ என்பார். நான் முந்தானையை எடுத்துவிட்டேன். எடுத்துத் தொலைக்கிறேன், திட்டட்டும், சத்தம் போடட்டும், தெருவே வந்து பார்க்கட்டும், துணியைப் பிடுங்கி வீசட்டும், இந்தக் கார் கல்யாணத்துக்கு லாயக்கில்லை என்று அவர் வாயாலேயே வரட்டுமே! அப்படி வந்துவிட்டால் நான் ஒன்றுமே சொல்ல வேண்டாம். டெரன்ஸ் ஒரு வாடகை வண்டி பிடிப்பான், பழி என் கைக்கு, வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்லிக் காட்டுவார்கள், சொல்லட்டும், சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வேன். கிட்டே வந்தார். பம்பரில் முட்டி இடிக்கும் அளவுக்கு நேர் முன்னால் வந்து நின்றார். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, டக்கின் மேல்தளத்தில் நின்று அலையைப் பார்க்கிற பழைய தோரணையில், நேரே, நட்ட நடுவே, அந்தச் சிவப்பைப் பார்த்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இப்பதான்ட்டி வேல” என்றார். குரல் இளகியிருந்தது. “கண்ணாடி மாதிரி ஆக்கிட்டியே ஏவா. நான் காலையில சத்தம் போட்டுட்டேன், மனசுல வச்சிக்கிடாத.” இத்தனை வருஷத்தில் இவர் என் வேலையைப் பாராட்டினது இது எத்தனையாவது தடவை, ஒரு கை விரல் போதும் எண்ண, இதுவும் வந்ததே இப்படியா வர வேண்டும். மங்கல் என்றாரே டாக்டர், மங்கல் இல்லை ஐயா, ஒன்றுமே இல்லை, அங்கே ஒன்றுமே இல்லை இவருக்கு. ஒருத்தியின் முகம் அளவுக்கு இல்லை. பூக்கூடை பிடித்த ஒரு குட்டியின் உயரத்துக்கு இல்லை. இவர் என்னை நேரே பார்த்துப் பேசி எவ்வளவு நாளாயிற்று என்று இப்போதுதான் யோசிக்கிறேன், தலையைக் கொஞ்சம் சாய்த்துத்தான் பேசுகிறார், அதை நான் அலட்சியம் என்று நினைத்து எத்தனை சண்டை போட்டேன். என் முகம் எங்கே இருக்கிறது இவருக்கு. “என்ன பேச்சையே காணும்? பாராட்டினா கூடச் சண்டைக்கு வருவியே” என்று சிரித்துக்கொண்டே பானெட்டைத் தடவிக்கொண்டே கதவுப் பக்கம் போகிறார், பிரைமர் மேலேயேதான் விரல் போகிறது, வழவழப்பில் வித்தியாசம் தெரியவில்லை, கைப்பிடியைத் தேடிப் பிடித்துத் திறந்து உட்கார்ந்துவிட்டார். “மெழுகு அப்புறம் போடலாம். கோயில் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துருவோம், அன்னைக்கு மக்கர் பண்ணிறக் கூடாதுல்லா.” சாவி உள்ளே போகிற சத்தம். சோக்கை இழுக்கிற சத்தம். முதலில் ஒரு இருமல், இன்னொரு இருமல், பிடித்துக்கொண்டது, கொட்டகைத் தகரமெல்லாம் நடுங்குகிறது, புளிச்ச பெட்ரோல் நாற்றம், பூனை சுவரேறி ஓடுகிறது. தெரு இந்நேரத்துக்குப் பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகளால் நிறைந்திருக்கும், சனிக்கிழமை. நான் நகரவில்லை. காருக்கு நேர் முன்னால் நிற்கிறேன், பம்பர் என் முழங்காலைத் தொட்டுக்கொண்டு, கையில் செங்கல் நிறத் துணி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் என்னை நோக்கியே இருக்கிறது, நேரே, சந்தோஷமாக, மாப்பிள்ளை மாதிரி. தலையைச் சாய்க்கவில்லை. “ஏவா, எங்கட்டி போன? வந்து ஏறு” என்று ஜன்னல் வழியாகக் கொட்டகைக்குப் பின்னால் பார்த்துக் கத்துகிறார். காலையிலிருந்து அடுக்கி அடுக்கிப் பார்த்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை, ஒரு ஆனாவும் வரவில்லை. ரெண்டு கையையும் பானெட்டின் மேல் ஊன்றுகிறேன். இன்ஜின் அதிர்வு தோள் வரை ஏறுகிறது. கியர் விழுகிற சத்தம் கேட்கிறது.

“ஏங்க. நான் முன்னாலதான் நிக்கேன். இன்ஜின நிறுத்துங்க. எறங்கி வந்து சாவிய எங்கிட்டக் குடுங்க.”